வானத்து ஒளியும் கச்சேரிக் கோவையும்

அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் நாம் தமிழும் வரலாறும் கற்பித்து வருகின்றோம். நம் மாணவருள் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டத் தோட்டங்களின் லயன்களிலிருந்து நடந்து வருபவர்கள். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு விடியற்காலை, சிவனொளிபாதமலைக்கு மேலே வானத்தில் வரிசையாய்க் கோத்த மணிகள் போன்ற ஒளிப்புள்ளிகள் ஓசையின்றி நகர்ந்து சென்றதைத் தோட்டத்து மக்கள் பலர் கண்டனர். யாத்திரைக் காலமாதலின் மலைப்படிகளின் விளக்கு வரிசை கீழே எரிந்துகொண்டிருந்தது. அவ்விளக்குகளே எழுந்து வானேறிச் சென்றன என்றார் ஒரு முதியவர். வேற்றுநாட்டு உளவு விமானம் என்றார் மற்றொருவர். பறக்கும் தட்டு என்று இளைஞர் சிலர் முடிவு கட்டினர்.

அன்று வகுப்பில் பத்தாம் தர மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இதை அரசாங்கத்திடமே எழுதிக் கேட்டால் என்ன? அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று வினவினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சற்றே புன்னகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, அச்சிரிப்பு நமக்கு வெட்கத்தையே தந்தது. அவள் கேட்டது வானத்தைப் பற்றிய கேள்வியன்று. ஆளப்படுபவர் ஆள்பவரை நோக்கி, “உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்” என்று கேட்கலாமா என்னும் கேள்வி அது. அக்கேள்வியைக் கேட்டவர்கள் உலகின் பல மூலைகளிலும் சிரிப்புக்கு ஆளாகியிருக்கின்றனர். இந்த மலைநாட்டிலோ அதனினும் கொடியவற்றுக்கு ஆளாகியிருக்கின்றனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பறக்கும் தட்டும் பனிப்போரும்

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கென்னத் ஆர்னோல்ட் என்னும் அமெரிக்கர் தம் சிறு விமானத்தில் றேனியர் மலைப் பக்கமாகச் சென்றபோது ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகக் கூறினார். ‘பறக்கும் தட்டு’ என்ற பெயரைப் பத்திரிகைகள் சூட்டின. அடுத்த மாதமே நியூ மெக்சிக்கோ மாநிலத்து றொஸ்வெல் என்னுமிடத்தில் விழுந்து கிடந்த சிதைவுகளைப் பற்றி இராணுவம் முதலில் ஒன்று கூறி, மறுநாள் வேறொன்று கூறியது. வானிலை பலூன் என்பது அந்த இரண்டாவது விளக்கம். அதுவும் முழு உண்மையன்று. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனைகளை ஒலி அலைகளின் மூலம் ஒற்றறிவதற்காக உயரே அனுப்பப்பட்ட இரகசிய பலூன் தொகுதியின் சிதைவுகளே அவை என்று அமெரிக்க விமானப்படை ஒப்புக்கொள்ள 1994ஆம் ஆண்டு வரை, 47 ஆண்டுகள் சென்றன.

பொதுமக்களின் அறிக்கைகளை ஆராய விமானப்படை 1952இல் ‘புளூ புக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1969இல் அது மூடப்படும் வரை 12,618 அறிக்கைகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் 701 தவிர ஏனையவற்றுக்கெல்லாம் ஏதேனும் ஒரு விளக்கம் தரப்பட்டது. ஆனால் ஆராய்ச்சிக்குப் பின்னால் இருந்த கொள்கை யாது? 1953 ஜனவரியில் மத்திய உளவு நிறுவனம் றொபேட்சன் என்னும் பெளதிக அறிஞரின் தலைமையில் ஒரு குழுவை இரகசியமாகக் கூட்டிற்று. இக்காட்சிகளால் நாட்டுக்கு நேரடி ஆபத்து இல்லை எனக் கண்ட அக்குழு, வெகுசனத் தொடர்புச் சாதனங்களைக் கொண்டு மக்களுக்கு இவற்றின்மீதுள்ள ஆர்வத்தைக் குறைக்க வேண்டுமென்றும், இதற்கென அமைந்த பொதுமக்கள் சங்கங்களைக் கண்காணிக்க வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. கேள்வி கேட்பவனுக்கு விடை சொல்வதற்குப் பதிலாகக் கேள்வியை நகைப்புக்குரியதாக்கு. கேட்பவன் மீது ஒரு கண் வை. இதுவே அப்பரிந்துரையின் சாரம்.

ஏன் இத்தனை மறைப்பு? வேற்றுலக மனிதரை ஒளித்துவைத்தனர் என்று நம்புவோருக்கு ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கையும் அதையே கூறுகின்றது. மறைக்கப்பட்டவை மனிதரின் போர்க்கருவிகளே. 1955 ஓகஸ்டில் முதன்முதல் பறந்த யூ-2 உளவு விமானம், அக்காலத்துப் பயணி விமானங்கள் எட்டவியலாத உயரத்தில், அந்தி வெயில் பட்டு ஒளிர்ந்து சென்றது. கீழே இருந்தோர் கண்டதை அப்படியே அறிவித்தனர். விமானப்படையினர் இயற்கை நிகழ்ச்சி என்று மறுமொழி அனுப்பினர். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த அறிக்கைகளுள் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய உளவுப் பறப்புகளே என்றும், உண்மையை மூடத் தவறான விளக்கங்கள் தரப்பட்டன என்றும் உளவு நிறுவனத்தின் வரலாற்றாசிரியரே 1997இல் எழுதினார். பாதி என்ற கணக்கை ஏற்காதாரும் உளர். ஆனால் பொய் சொல்லப்பட்டது என்பதை எவரும் மறுக்கவில்லை. கண்ணால் கண்டதை நேர்மையாய்ச் சொன்ன எளிய மனிதர் ஏமாளிகளென எள்ளப்பட்டனர். பொய்யுரைத்த அலுவலகமோ கண்ணியம் காத்தது.

1966 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவில் தகவல் சுதந்திரச் சட்டம் கையொப்பமாயிற்று. அச்சட்டத்தைக் கொண்டு பொதுமக்கள் சங்கமொன்று வழக்குத் தொடுத்ததன் பயனாக, மத்திய உளவு நிறுவனம் 1978இல் ஏறத்தாழ 900 பக்கங்களை வெளியிட நேர்ந்தது. தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் மீது தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கிலோ, 1980இல் நீதிபதி 21 பக்கச் சத்தியக் கடதாசி ஒன்றைத் தனிமையில் படித்துவிட்டு, வழக்காளிக்குக் காட்டாமலே தள்ளுபடி செய்தார். பின்னர் அக்கடதாசியே வெளியிடப்பட்டபோது வரிக்கு வரி கருமை பூசப்பட்டிருந்தது. றொஸ்வெல் பற்றி நியூ மெக்சிக்கோவின் காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீவன் ஷிவ் விடாது வினவியதன்மேல், காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1995இல் தேடிப் பார்த்தது. அத்தளத்திலிருந்து அக்காலத்தில் அனுப்பப்பட்ட செய்திகளின் பதிவேடுகள் அழிக்கப்பட்டிருந்தன. யார் அழித்தார், எந்த அதிகாரத்தின் கீழ் அழித்தார் என்பதற்குக் குறிப்பில்லை. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நம் மலைநாட்டிலும் இதைக் காண்போம்.

பிரித்தானியாவின் வழக்கம் இன்னும் எளிது. பாதுகாப்பு அமைச்சு 1967 வரை இத்தகைய கோவைகளை ஐந்தாண்டுகளில் அழித்துவிடுவதையே நடைமுறையாகக் கொண்டிருந்தது. தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்ததும் கேள்விக் கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றாய் மறுமொழி எழுதுவதைவிடக் கோவைகளைத் திறந்துவிடுவதே மேல் எனக் கண்டு, 2008 முதல் 2013 வரை 200க்கு மேற்பட்ட கோவைகளைத் தேசிய சுவடிக்கூடத்தின் வழியே வெளியிட்டனர். பிரான்சின் விண்வெளி ஆய்வு மையமோ 1977 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு நடத்தி, 2007இல் தன் கோவைகளை யாவரும் படிக்க வைத்தது. திறந்ததனால் அரசு எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. மக்கள் படித்தனர், பெரும்பாலானவை பலூன்கள், கோள்கள், விமான விளக்குகள் என அறிந்தனர், தெரியாதவை சில உண்டு என்பதையும் அறிந்தனர்.

பாடசாலை கண்டுபிடித்த இரகசியம்

முதலாளித்துவ நாடுகளே மறைத்தன என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. 1977 செப்டெம்பர் 20ஆம் நாள் அதிகாலையில் சோவியத் நாட்டின் பெத்ரோசவோத்ஸ்க் நகருக்கு மேலே பேரொளியொன்று தோன்றிற்று. அது பிளெசெத்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்ட கொஸ்மோஸ் 955 செய்மதியின் விளைவு என்பது பின்னர் வெளியான விளக்கம். மக்களுக்கு அன்றே ஏன் சொல்லவில்லை? பிளெசெத்ஸ்க் என்றொரு ஏவுதளம் இருப்பதாகவே அரசு 1983 வரை ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத இடத்திலிருந்து எழுந்த ஒளிக்கு எவ்வாறு விளக்கம் கூறுவது? உழைக்கும் மக்களின் பெயரால் ஆண்ட அரசு, உழைக்கும் மக்களின் கண்களை நம்பாததை எப்பெயரிட்டு அழைத்தாலும் அது குறையே.

அத்தளத்தின் இரகசியத்தை உடைத்தவர்கள் உளவாளிகள் அல்லர் என்பது ஆசிரியர்களாகிய நமக்குச் சுவையான செய்தி. இங்கிலாந்தின் கெற்றறிங் நகரப் பாடசாலையில் ஜெப்ரி பெரி என்னும் பௌதிக ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் எளிய வானொலிக் கருவியொன்றால் செய்மதிகளின் குறிகளைக் கேட்டு, நேரத்தைக் குறித்து, பாதைகளைக் கணக்கிட்டு வந்தனர். 1966இல் ஒரு செய்மதியின் பாதை, அறியப்பட்ட தளம் எதனோடும் பொருந்தவில்லை. வடக்கே புதியதொரு தளம் இருக்க வேண்டுமென அவர்கள் முடிவு கண்டனர். அது சரியென உலகம் ஏற்றது. பொறுமையாகக் குறிப்பெழுதும் வகுப்பறைக்கு முன்னால் வல்லரசின் மௌனம் செல்லவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையிலும் இப்பொருள் பேசப்பட்டது. கரிபியன் கடலின் சிறு தீவாகிய கிரனடாவின் பிரதமர் எரிக் கேரி, பறக்கும் தட்டுகளை ஆராய உலக அமைப்பொன்று வேண்டுமென விடாது வலியுறுத்தினார். 1978 டிசெம்பர் 18ஆம் நாள் பொதுச்சபை, ஆராய்ச்சியை உறுப்பு நாடுகளே தத்தம் அளவில் நடத்துக என்று முடிவெடுத்து, பொருளைப் பதமாக ஒதுக்கிவைத்தது. வானத்து மர்மத்தைத் துலக்க உலகைக் கூவியழைத்த அதே கேரி, தம் தீவில் கேள்வி கேட்டவர்களைக் குண்டர் படையைக் கொண்டு அடித்து நொறுக்கியவர். 1979 மார்ச் 13ஆம் நாள், அவர் வெளிநாட்டிலிருந்தபோது மக்கள் இயக்கம் அவரை ஆட்சியினின்று அகற்றியது. வானத்தைப் பற்றிக் கேட்க உரிமை, மண்ணைப் பற்றிக் கேட்கத் தடை! அந்த முரண்பாடு கிரனடாவுக்கு மட்டும் உரியதன்று.

துண்டு முதல் மனு வரை

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். இங்கே தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை தொடக்கந்தொட்டே காகிதத்தால் ஆளப்பட்டு வந்திருக்கின்றது. அந்தக் காகிதமோ ஒருநாளும் அவன் கையில் இருந்ததில்லை. கங்காணிக்குப் பட்ட கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டம் செல்லலாம். கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இன்றி அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை. கடனின் தொகை தொழிலாளிக்குத் தெரியாது, எழுதியவனுக்கே தெரியும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் செக்ரோல் என்னும் பேரேடு தோட்டத்து ஆபீசிலேயே இருந்தது. பிரட்டுக் களத்தில் யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கும் துணிவு எவருக்கும் இல்லை.

வெளியார் எவரும் உள்ளே வந்து உண்மையறியவும் இடமில்லை. தோட்டம் துரையின் தனிச் சொத்து. அனுமதியின்றி நுழைபவர் அத்துமீறியவர். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையர் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் புடைவை வணிகரைப்போல் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. லயத்துக் காம்பராவின் நிலையை அறிய ஒருவர் மாறுவேடம் பூண வேண்டியிருந்ததெனில், தகவல் எத்துணை இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சுதந்திரம் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்கையும் இழந்தனர். அவர்களுக்கென்று விட்ட ஒரே வாயில், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததாக நிறுவ வேண்டும். மனுச் செய்ய 1951 ஓகஸ்ட் 5ஆம் நாள் வரையே தவணை.

நிறுவுவது எதைக்கொண்டு? செக்ரோலைக் கொண்டு. அது யாரிடம் இருந்தது? துரையிடம். அன்றைய அரசாங்க மொழியோ ஆங்கிலம். ஒரு தோட்டத்தில் கறுப்பையா எனவும் மறு தோட்டத்தில் கருப்பன் எனவும் எழுதப்பட்டவன், தான் இருவரல்லன், ஒருவனே என்று மெய்ப்பிக்க வேண்டியவனானான். பிறப்பைப் பதியாத தோட்டத்தில் பிறந்தது அவன் குற்றமாயிற்று. தாயின் ஈமக்கடனுக்குத் திருச்சிராப்பள்ளிப் பக்கம் சென்றுவந்தது அவனது வதிவின் தொடர்ச்சிக்கு ஊறாயிற்று. ஏறத்தாழ 8 லட்சம் பேரைக் குறித்து மனுக்கள் சென்றன. 1964ஆம் ஆண்டளவில் பிரஜாவுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே.

எஞ்சியோரின் கதையை நாடறியும். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாய்ப் பிரித்தனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் பெயர் நீங்கிற்று. 55 ஆண்டுகள்! றொஸ்வெல் பலூனின் உண்மை வெளிவரப் பிடித்த காலத்தினும் இது எட்டு ஆண்டுகள் அதிகம்.

மலைமேல் விழுந்தவையும் மலையே விழுந்ததும்

வானிலிருந்து ஒரு பேரழிவு உண்மையாகவே இம்மலைமீது விழுந்ததுண்டு. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த ஒல்லாந்து நிறுவன விமானம், கொழும்பில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தபோது, நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்தகன்னி மலைத்தொடரில் மோதிச் சிதறியது. 191 பேரும் மாண்டனர். விமானிகள் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து, கொழும்பை நெருங்கிவிட்டதாகக் கருதியதே காரணமென விசாரணை கண்டது. அவ்வறிக்கை எழுதப்பட்டது, வெளியிடப்பட்டது, இன்றும் எவரும் படிக்கலாம். கருவிகளையும் நடைமுறைகளையும் திருத்துவதற்கு உலக விமானத்துறைக்கு இத்தகைய அறிக்கைகளே பாடநூல். உண்மை வெளிப்பட்டால் அடுத்த உயிர் காக்கப்படும் என்பதனை விமானத்துறை அறிந்திருக்கின்றது.

அத்தகைய பாடம் தோட்டத்து லயன்களுக்கு எட்டியதா? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோவையில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். கோவைக்கும் லயத்துக்குமிடையே இருந்த தூரத்தைக் கடக்க ஒன்பது ஆண்டுகள் போதவில்லை. எத்தனை பேர் புதையுண்டனர் என்று கேட்டபோதும் முதல் நாட்களில் ஆளுக்கொரு கணக்கே கிடைத்தது. ஒரு மனிதர் உயிரோடிருந்ததற்கே தெளிவான பதிவில்லாத இடத்தில், அவர் மறைந்ததற்கு மட்டும் பதிவு எங்கிருந்து வரும்?

செய்ய மனமிருப்பின் அரசால் முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதற்கும் சான்றுண்டு. 2015 நவம்பர் 13ஆம் நாள் முற்பகல் 11.48 மணிக்கு, விண்வெளிக் குப்பைத் துண்டொன்று இலங்கையின் தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில் வளிமண்டலத்துள் எரியும் என்பது பல நாள் முன்னரே கணிக்கப்பட்டு, நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. மீனவர் எச்சரிக்கப்பட்டனர், விமானங்கள் விலக்கப்பட்டன. சொன்ன நாளில், சொன்ன வேளையில் அது எரிந்து போயிற்று. பீதியுமில்லை; பறக்கும் தட்டுக் கதையுமில்லை. அறிந்த மக்கள் அஞ்சுவதில்லை. அறியாதபடி வைக்கப்பட்ட மக்களே அஞ்சுகின்றனர்.

ஒரு மூதாட்டியின் கேள்வி

2015ஆம் ஆண்டின் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தகவல் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் வினவ இயலாது. காரணம் கூறத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுள் முடிவு கூற வேண்டும். உயிர் அல்லது ஆட்சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்துள் கூற வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு, அதன்பின் நீதிமன்றம். தேசியப் பாதுகாப்பு முதலிய விலக்குகள் உள்ளன. எனினும் பொதுநலன் மிகையாயின் விலக்கும் விலகும். நல்ல சட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். உரிமை, ‘பிரசை’ ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. பிரசைக்கே உண்டு. 1948இல் இம்மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது வாக்குச் சீட்டு மட்டுமன்று. “ஏன் பறித்தீர்” என்று கேட்கும் வாயும் அன்றே பறிக்கப்பட்டது. 2003க்குப் பின்னரே அவர்கள் அனைவரும் கேட்கத் தகுதியுடையோராயினர் என்று சொன்னால் மிகையாகாது.

மேலே கூறிய மாணவியின் அப்பாயிக்கு 80 வயது இருக்கும். தேயிலைக் கொழுந்தெடுத்துத் தேய்ந்த விரல்கள். அரசாங்கத்திடம் எதையும் எழுதிக் கேட்கலாம் என்று பேத்தி வீட்டிற் கூறியதைக் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தேடி வந்தார். அவருடைய தந்தையார் 1951இல் மனுச் செய்தவர், மறுக்கப்பட்டது. அதே லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்த சிற்றப்பாவின் மனு ஏற்கப்பட்டது. 1970களில் தந்தையார் மகன்மாரோடு கப்பலேறிக் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். மணமாகிவிட்டதால் இவர் இங்கேயே தங்கினார். பின்னர் தந்தையின் முகத்தை அவர் காணவில்லை.

“மாஸ்டர், பூமி கேக்கல்ல, காசு கேக்கல்ல. எங்கப்பா மனுவுல என்னா கொறையக் கண்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சித்தப்பாவும் அவரும் ஒரே பெரட்டுல நின்னவங்கதானே?”

விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுத்தோம். அவர் பெயரெழுதிக் கையொப்பமிட்டார். உரிய அலுவலகம் ஏற்புச் சீட்டு அனுப்பியது. பின்னர் மேலும் 21 நாள் தவணை கேட்டது. இறுதியில், கோரிய கோவை கிடைக்கப்பெறவில்லை என ஒற்றை வரியில் முடித்தது. எப்போது அழிந்தது, யார் அழித்தார் என்னும் குறிப்பு இல்லை. மேன்முறையீடு செய்தோம். இரண்டு மாதங்கள் கழித்து, பழைய பதிவேடொன்றின் ஒரு பக்கத்து நிழற்பிரதி வந்தது. மனு இலக்கம், பெயர், தோட்டம், ‘மறுக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று, அவ்வளவே. காரணத்துக்குரிய இடம் வெறுமையாயிருந்தது. தந்தையாரின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு எழுதப்பட்டிருந்தது. அப்பிழைதான் காரணமோ, வேறெதுவோ, அப்பக்கம் சொல்லவில்லை.

மூதாட்டி ஆங்கிலம் அறியாதவர். பெயர் எது என்று கேட்டு, நாம் காட்டிய வரியின்மேல் விரலை வைத்து நெடுநேரம் இருந்தார். “இம்புட்டுத்தானா?” என்றார். பின்னர் அத்தாளை நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அரசாங்கம் அவருடைய தந்தையைப் பற்றி அவருக்குத் தந்த முதல் மறுமொழி அது.

சிரிப்புக்கு விடை

வல்லரசுகளின் கோவைகளையும் நம் மூதாட்டியின் ஒற்றைத் தாளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். கேள்வியின் பொருள் வேறாயினும் அதிகாரத்தின் கைகள் ஒன்றே. முதலில் நகைப்பு; பின்னர் பாதுகாப்பு என்னும் திரை; அதன்பின் தாமதம்; இறுதியில், கோவை இல்லை. ஆனால் ஒரு வேற்றுமையும் உண்டு. அமெரிக்கனுக்கு வானத்தைப் பற்றிய விடை கிடையாதிருப்பின் அவனது ஆர்வம் நிறைவேறாது போகும், அவ்வளவே. கூடலூருக்கும் அட்டனுக்குமாகப் பிளந்த குடும்பத்துக்கு விடை கிடையாதிருப்பின், மூன்று தலைமுறையின் துயரத்துக்குப் பொறுப்பாளி இல்லாது போவான். நம் நாட்டுச் சட்டம் பழைய பதிவேடுகளைச் சட்டம் வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளேனும் காக்க வேண்டும் என்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து எண்ணினால் அத்தவணை 2027 பெப்ரவரியில் நிறைவுறும். பிரஜாவுரிமை மனுக்களின் கோவைகளும், பழைய செக்ரோல்களும், தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளும் எங்கெங்கே எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் அவற்றைத் திரட்டிப் பொதுச் சுவடிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்று தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இப்போதே கோரல் தகும். தவணை கடந்தபின் அழுது பயனில்லை.

மாணவியின் கேள்விக்கும் நாம் விடை கண்டோம். கெற்றறிங் மாணவர்களைப்போல், கண்டவர்களிடமெல்லாம் நேரம், திசை, ஒளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தனர் நம் வகுப்பினர். செய்மதிகளின் பாதை அட்டவணையோடு ஒப்பிட்டபோது, அவை ஸ்டார்லிங்க் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் செய்மதி வரிசை எனத் தெளிந்தது. 2019 மே மாதத்தில் முதல் அறுபதை ஏவியது முதல் அந்நிறுவனம் வானை நிரப்பி வருகின்றது. 2024இல் இலங்கையிலும் சேவை நடத்த அனுமதி பெற்றது. மர்மம் தீர்ந்தது. தீர்ந்தவுடன் அதே மாணவி மீண்டும் எழுந்தாள்: “சேர், நம்ம வானத்தில் விட அவர்கள் யாரிடம் கேட்டார்கள்?”

இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவன் கரும்பலகையில் கடிதத்துக்குத் திகதியிட்டு, ‘தகவல் அலுவலர் அவர்கட்கு’ என்று எழுதத் தொடங்கினான்.